மருந்துப் புட்டி மூடி விஷயமாக அப்பா எழுதுவது

அன்பு மகள் மீனாவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். நீயும் சௌக்கியமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். போனில் நீ இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை, அதுவும் அம்மாவிடம். ஸ்பீக்கரில் போடச் சொன்னால் உடனே "வகுப்பு இருக்கு" என்கிறாய். அதனால்தான் கடிதம். இதை நடுவில் கட் பண்ண முடியாது பார்.

முதலில் ஒர்க்‌ஷாப் விஷயம். எம்.டி.எஃப். பலகையை அறுக்கும்போதும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போதும் மாஸ்க் போட்டுக்கொள். முகத்தோடு ஒட்டி உட்காருமே, தூசிக்கென்று தனியாக, அந்த மாஸ்க். அந்தப் பலகை வெறும் மரம் இல்லையம்மா. மரநாரைப் பிசின் சேர்த்து அழுத்திச் செய்தது. அந்தப் பிசினில் பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு இருக்கும். டிரில்லிங் மெஷினில் நிற்கும்போது முடியை இறுக்கிக் கட்டு. கையுறை போடாதே. பாதுகாப்பு என்று நினைத்துப் போடுவார்கள், சுழலுகிற மெஷினில் அதுதான் எமன். ஒரு நூல் மாட்டினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். எல்லாம் முன்பே சொன்னதுதான், தெரியும்.

தம்பி பரீட்சை எழுதி முடித்துவிட்டான். பெரியப்பா வந்திருந்தார். அதே கேள்வி. நான் அதே பதில். இந்த முறை அம்மா குறுக்கே புகுந்து பேசிவிட்டாள், அந்தக் கதையை அவளே சொல்லட்டும். மாஸ்க்கில் ஃபில்டர் மாற்ற வேண்டியிருந்தால் மாற்று, காசு பார்க்காதே.

டிசைன் படிப்பில் சேர்ந்த முதல் வருஷம் நீ எதைத்தான் அனுப்பாமல் இருந்தாய்! நீல ஃபோமில் செதுக்கிய ஹேர் டிரையர், ஒரே கோப்பையைப் பக்கம் பக்கமாக வரைந்த ஸ்கெட்ச், பசையே வைக்காமல் அட்டையை மடித்துச் சொருகி ஆள் உட்காருகிற மாதிரி செய்த ஸ்டூல். அந்த ஸ்டூல் படத்தை வேலையிடத்தில் நான் காட்டாத ஆள் கிடையாது. "நிஜமாவே பசை இல்லையா?" என்று சூப்பர்வைசர் திரும்பத் திரும்பக் கேட்டார். இப்போது ஜூரி, அதுதான் உங்கள் வேலையை ஆசிரியர்கள் உட்கார்ந்து மதிப்பிடுவது, முடிந்து இவ்வளவு நாள் ஆகிறது, ஒரு படம் வரவில்லை. என்ன கிரேடு என்று நான் கேட்கப் போவதில்லை. அப்பா என்றைக்காவது மார்க் கேட்டிருக்கிறேனா? பத்தாம் வகுப்பில் கேட்டது வேறு.

நீ இங்கே விட்டுப்போன புத்தகங்களைப் படிக்கிறேன். படங்கள் அதிகம், அதனால் ஓடுகிறது. மார்செல் பிராயர் 1925இல் சைக்கிள் ஹேண்டில்பாரின் வளைவைப் பார்த்துவிட்டு எஃகுக் குழாயை வளைத்து நாற்காலி செய்தாராம். ஜெர்மனியின் டிசைன் பள்ளியான பௌஹவுஸில் படித்து, அங்கேயே தச்சுப் பட்டறைக்குப் பொறுப்பாளராக ஆனவர். அப்போது அவருக்கு 23 வயது. உன்னோடு ஒப்பிடுவதற்காகச் சொல்லவில்லை. குழாய் வேலைக்கு ஒரு பிளம்பரைத் துணைக்கு வைத்துக்கொண்டாராம், அந்தப் பிளம்பர் பெயரை உன் புத்தகத்தில் தேடிப் பார்த்தேன், காணோம். எங்கள் பிழைப்பு எப்போதும் அப்படித்தான்.

உங்கள் டிசைன் ஆட்கள்மேல் எனக்கு ஒரு காலத்தில் மரியாதை இருந்ததில்லை என்பது உனக்கே தெரியும். பிளாஸ்டிக் சாமான் வார்க்கிற அச்சு வேலையில் இத்தனை வருஷம் இருந்துவிட்டு வேறெப்படி இருக்கும்? படம் அழகாக வரும். பக்கச்சுவர் செங்குத்தாக நிற்கும். ஒரு டிகிரியாவது சரிவு இல்லாவிட்டால் அச்சைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும், வந்தால் கீறலோடு வரும். ஓர் இடத்தில் சுவர் தடிப்பாக இருந்தால் அந்த இடம் கடைசியில்தான் ஆறும், சுருங்கும், மேலே குழி விழும். பழி எங்கள் தலையில். நீ டிசைன் செய்த மருந்து மூடியின் படம் வந்தபோது இதெல்லாம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். சரிவு கொடுத்திருந்தாய். உள்ளே தாங்கலுக்கு வைத்த ரிப்பைச் சுவரில் பாதித் தடிப்போடு நிறுத்தியிருந்தாய். நான் சொல்லித்தந்ததே இல்லை. அன்றைக்கு உனக்கு "பரவாயில்லை" என்று மட்டும் பதில் போட்டேன். அம்மாவிடம் அதைப் பற்றி ராத்திரி ரொம்ப நேரம் பேசினேன்.

உன் ரிப்போர்ட்டையும் படித்தேன். அழுத்தித் திருகும் மருந்து மூடி, உள்ளே ஒன்று வெளியே ஒன்று, அழுத்தினால்தான் பல் கவ்வும். அமெரிக்காவில் 1970இல் சட்டம் போட்டு அந்த மாதிரி மூடிகளைக் கட்டாயமாக்கினார்கள், பிள்ளைகள் மருந்தை விழுங்கி இறப்பது குறைந்தது. ஆனால் பெரியவர்களால் திறக்க முடிகிறதா என்று பார்க்க 18 முதல் 45 வயதுக்காரர்களைத்தான் உட்கார வைத்தார்கள். 50 முதல் 70 வயதுக்காரர்களிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று விதியை மாற்றியது 1995இல். இதை நீ எழுதியிருந்த விதம் எனக்குப் பிடித்தது. கோபம் இருந்தது, ஆனால் கூச்சல் இல்லை.

அதில் சமையலறைச் சாமான் தயாரித்த சாம் ஃபார்பர் பற்றிய பகுதியும் நன்றாக இருந்தது. அவர் மனைவி பெட்ஸிக்கு விரல் மூட்டில் வாதம், தோல் சீவியைப் பிடிக்க முடியாமல் திண்டாடுவதை அவர் பார்க்கிறார். அதிலிருந்து தடித்த ரப்பர் கைப்பிடி வைத்த தோல் சீவி 1990இல் கடைக்கு வருகிறது. வலி உள்ளவர்களுக்கென்று யோசித்தது, எல்லோரும் வாங்கினார்கள். இதைப் படித்ததும் ரிப்போர்ட்டை மூடி வைத்துவிட்டேன். அந்த அம்மாள் மறைக்கவில்லை பார்.

நான் மருந்து மூடியைத் திறப்பதை எடுத்து அனுப்பச் சொன்னாயே, அந்த வீடியோவில் நான் திறந்த மூடி ஏற்கெனவே தளர்ந்திருந்தது. எடுப்பதற்கு முன் அம்மாவைக் கூப்பிட்டு அழுத்தித் திருகித் தரச் சொன்னேன். வேண்டாம் என்றாள், நான் கேட்கவில்லை. கேமரா முன்னால் நான் செய்தது விரல் நுனியால் ஒரு சுற்று, அவ்வளவுதான். "எனக்கெல்லாம் ஒன்றும் கஷ்டமில்லம்மா, இது இரும்பு பிடிச்ச கை" என்று வசனம் வேறு. அதைத்தான் நீ ஜூரியில் போட்டாய். "இவர் சுலபமாகத் திறக்கிறாரே, பிரச்சினை எங்கே?" என்று ஒருவர் கேட்க, நீ பதில் இல்லாமல் நின்றாயாம். அம்மா சொன்னாள்.

இப்போது நிஜத்தைச் சொல்கிறேன், குறித்துக்கொள். காலையில் வலது கட்டைவிரலின் அடிமூட்டு மடங்காது. புட்டியை மேசையில் வைத்து உள்ளங்கையின் அடிப்பாகத்தால் அழுத்துவேன், திருகுவதற்கு விரல் வராது, மணிக்கட்டோடு மொத்தக் கையையும் திருப்புவேன். பாதித் தடவை பல் கவ்வாமல் கடகடவென்று சும்மா சுற்றும். ஒரு வழியாகத் திறந்தால் மறுபடி மூடுவதே இல்லை, மூடியைச் சும்மா மேலே வைத்துவிடுகிறேன். பிள்ளைகளுக்கு எட்டக்கூடாது என்று செய்த பூட்டு, எங்கள் அலமாரியில் திறந்தே கிடக்கிறது. உன் ரிப்போர்ட்டில் இது இல்லை. நான் சொல்லியிருந்தால் இருந்திருக்கும்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்காதே. நுண்ணிய தடிப்பை அளக்கிற மைக்ரோமீட்டர் பிடிக்கிற கை இது, வேலையிடத்தில் இன்னும் யாருக்கும் தெரியாது. நீயும்தான் பார்த்திருக்கலாம். போன முறை வந்தபோது என் சட்டைப் பொத்தானை அம்மா போட்டுவிட்டது உன் கண்ணெதிரே நடந்தது. டிசைன் படிக்கிற பெண்ணுக்கு அது உறைத்திருக்க வேண்டாமா? சரி, விடு. மறைத்தவனே ஏன் பார்க்கவில்லை என்று கேட்பது நியாயமில்லை.

பட்ரிஷியா மூர் என்று ஒருவரைப் பற்றி உன் குறிப்பு நோட்டில் இரண்டு முறை அடிக்கோடு போட்டிருக்கிறாய். 26 வயதில், 1979இல், கிழவி வேஷம் போட்டு அமெரிக்கா, கனடாவில் ஊர் ஊராகத் திரிந்தவர். பார்வை மங்கலாகத் தெரிகிற கண்ணாடி போட்டு, காதை அடைத்துக்கொண்டு, மூட்டுகளை மடங்காதபடி கட்டிக்கொண்டு. வேஷம் என்பதற்காக அல்ல, தன் கையில் அது எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்காக. எங்களைப் போன்றவர்களைக் கேட்டு எழுதிக்கொண்டால் இப்படித்தான் ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. உன் கட்டைவிரலை ஒரு நாள் காலையிலிருந்து டேப் போட்டு உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டு பார். மெஷின் பக்கம் மட்டும் அப்படிப் போய்விடாதே.

வேறு வீடியோ ஒன்று தம்பி போனிலிருந்து வரும். காலையில், தூங்கி எழுந்ததும் எடுத்தது. நீளமாக இருக்கிறது, வெட்டாதே. ஓர் இடத்தில் நான் திட்டுவது கேட்கும், அங்கே மட்டும் சத்தத்தை எடுத்துவிடு. என் முகம் தெரிய வேண்டாம், காரணம் மேலே சொன்னேன். அந்த ஜூரியில் இருந்தவர்களிடம் மறுபடி காட்ட வழி உண்டா, அதற்கு ஏதாவது விண்ணப்பம் எழுத வேண்டுமா, அப்பா கையெழுத்து வேண்டுமென்றால் போட்டு அனுப்புகிறேன். கோணலாக இருக்கும்.

"யோசிச்சிட்டு இருக்கேன்" என்று அம்மாவிடம் சொன்னாயாம். எதைப் பற்றி என்று அவள் கேட்கவில்லை, கேட்டதாக என்னிடம் சொல்லவும் இல்லை. அடுத்த செமஸ்டர் கட்டணத்துக்குக் கடைசி தேதி எது என்று எழுது. கட்டலாமா என்பதையும் எழுது.

அன்புடன்,
அப்பா