ஒத்திகை என்று சொன்ன ராகவனுக்கு

அன்புள்ள ராகவா,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வாக்கர் இல்லாமலே மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. பிசியோதெரபிக்கு மட்டும் டிமிக்கி கொடுக்காதே. இங்கே எல்லோரும் சௌக்கியம். கவிதா வேலை மாறிவிட்டாள். சம்பளம் கூடியிருக்கிறது, தூக்கம் குறைந்திருக்கிறது.

சரி, நீ கிளப்பிவிட்ட சண்டைக்கு வருகிறேன். பிரிட்டிஷ் ராக் குழுவான பிளாக் சாபத் என்றால் இரண்டாவது ஆல்பம் 'பாரனாய்ட்'தான், குழுவின் பெயரையே தாங்கிய முதல் ஆல்பம் வெறும் ஒத்திகை என்று போகிறபோக்கில் எழுதிவிட்டாய். உடம்பு சரியில்லாத ஆளோடு எதற்கு வம்பு என்று விட்டுவிடத்தான் பார்த்தேன், மனசு கேட்கவில்லை.

ஒத்திகை வாசம் அதில் அடிப்பது உண்மைதான். எனக்குப் பிடித்ததே அதுதான். 1969 அக்டோபரில் லண்டன் ரீஜண்ட் சவுண்ட் ஸ்டுடியோவில் ஒரே நாளில் வாசித்து முடித்த ஆல்பம் அது. பாடகர் ஓஸி ஆஸ்போர்னைத் தனி அறைக்குள் நிறுத்திவிட்டு, மற்ற மூன்று பேரும் மேடையில் வாசிப்பதுபோல வாசித்தார்கள். பெரும்பாலான பாட்டுகளுக்கு இரண்டாவது தடவை என்ற பேச்சே இல்லை. தயாரிப்பாளர் ராட்ஜர் பெய்ன் அதைப் பெரிதாக இழைத்துச் சரிசெய்யவும் இல்லை. தொடக்கத்தில் வரும் மழை, இடி, கோயில் மணி எல்லாம் பிறகு சேர்த்தவை. நாலு பேருக்கும் அப்போது இருபது, இருபத்தொரு வயது. பர்மிங்ஹாமின் ஆஸ்டன் பக்கத்துத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். ஓஸி கசாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், திருட்டுக் கேஸில் உள்ளே போய் வந்தவர். இவர்களிடம் போய் பாலிஷ் எதிர்பார்ப்பாயா?

முதல் பாட்டின் அந்த ரிஃப்பை, அதாவது கிட்டாரில் திரும்பத் திரும்ப வரும் அந்தச் சின்னத் துணுக்கை, எடுத்துக்கொள். மூன்றே ஸ்வரம். கீழ் ஸட்ஜம், மேல் ஸட்ஜம், அங்கிருந்து இறங்கி பிரதி மத்திமத்தில் நின்று ஒரு நடுக்கம். அவ்வளவுதான். ஐரோப்பியப் பழைய இசைக்காரர்கள் ஸட்ஜத்துக்கும் பிரதி மத்திமத்துக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளிக்கு 'இசையில் சாத்தான்' என்று பட்டம் கட்டியிருந்தார்கள். உன் வீட்டில் லலிதா கல்யாணி பாடும்போது கூடமே பளிச்சென்று ஆவதும் அதே பிரதி மத்திமத்தால்தான் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். எவ்வளவு மெதுவாக வருகிறது, எங்கே போய் நிற்கிறது என்பதில்தான் பயம் இருக்கிறது. ஆங்கிலேய இசையமைப்பாளர் ஹோல்ஸ்ட்டின் 'கிரகங்கள்' தொகுப்பில் வரும் 'செவ்வாய்' பகுதியை பேஸ் கிட்டாரில் வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தாராம் கீசர் பட்லர். கிட்டார்காரர் டோனி அயோமி அதிலிருந்து இதைப் பிடித்துவிட்டார்.

அயோமியின் விரல் கதை உனக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பதினேழு வயதில், உலோகத் தகடு ஆலையில் வேலையை விட்டு நிற்கப்போகும் கடைசி நாள். அன்றைக்குப் பார்த்து இயந்திரம் வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகளைப் பறித்துக்கொண்டது. ஆள் இடதுகைக்காரர், அதனால் தந்தி அழுத்துகிற கையே போயிற்று. இரண்டு விரலால் வாசித்த ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைக் கொண்டுவந்து கேட்கவைத்தாராம் ஆலை மேலாளர். அப்புறம் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு மூடி செய்து, மேலே தோல் ஒட்டி, மெல்லிய தந்திகளை மாட்டி வாசிக்க ஆரம்பித்தார். அந்தச் செயற்கை நுனிக்குத் தந்தியின் ஸ்பரிசம் தெரியாது, கண்ணும் காதும்தான் துணை. பல ஸ்வரங்களைச் சேர்த்து வாசிக்கும் முழு கார்டுக்குப் பதிலாகக் கனமான இரண்டு மூன்று ஸ்வரங்களை அவர் அழுத்திப் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் இந்த ஆல்பத்தில் என் ஆள் பில் வார்ட். நீ ஏன் அவரைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை? ஜாஸ் டிரம்மர் ஜீன் க்ரூப்பாவைக் கேட்டு வளர்ந்த டிரம்மர் அவர், அடிப்படையில் ஜாஸ்காரர். 'தி விஸார்ட்' பாட்டில் ஓஸியின் ஹார்மோனிகாவும் கிட்டாரும் ஒரு வாக்கியம் சொல்லி முடித்ததும், இடையில் விழும் சந்தில் வார்ட் புகுந்து உருட்டுவதைக் கவனி. ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி உருட்டுவார். கணக்குக்கு அடிக்காமல் பாட்டுக்கு வாசிக்கிற மிருதங்கக்காரர் மாதிரி. பின்னால் வந்த ஹெவி மெட்டல்காரர்கள் ரிஃப்பை எடுத்துக்கொண்டார்கள், சாத்தானை எடுத்துக்கொண்டார்கள், இந்த ஆட்டத்தை மட்டும் விட்டுவிட்டார்கள். 'பாரனாய்ட்' வரும்போதே இது கொஞ்சம் இறுகிவிட்டது என்பது என் கட்சி.

குறை இல்லாமல் இல்லை. 'ஈவில் வுமன்' இன்னொரு குழுவின் பாட்டு. அது வந்தால் நான் தாண்டிவிடுவேன். ஆனால் அதேபோல இரவல் வாங்கிய 'வார்னிங்' பத்து நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது, அதில் அயோமி தனியாக அலைந்து திரியும் இடங்களை ஒரு நொடிகூட வெட்ட மனசு வராது. அட்டைப்படத்தையும் மறக்காதே. இங்கிலாந்தின் மேப்பிள்டர்ஹாம் கிராமத்து நீர்ச்சக்கர ஆலைக்கு முன்னால் கறுப்பு அங்கியில் ஒரு பெண், நிறமே கெட்டுப்போனதுபோல ஒரு வானம்.

1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமையாகப் பார்த்து வெளியிட்டார்கள், அவர்கள் ஊரில் அது அபசகுன நாள். பிரிட்டனில் எட்டாம் இடம் வரை ஏறியது. ரோலிங் ஸ்டோன் பத்திரிகையில் விமர்சகர் லெஸ்டர் பேங்ஸ் நன்றாகவே கிழித்தார். ஆல்பத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

2025 ஜூலையில் ஆஸ்டனிலேயே, வில்லா பார்க் மைதானத்தில் நாலு பேரும் கடைசியாகச் சேர்ந்து வாசித்தார்களே, அதற்குப் பதினேழு நாளில் ஓஸி போய்விட்டார். அன்று வாசித்தவை நாலு பாட்டு. மூன்று 'பாரனாய்ட்' ஆல்பத்திலிருந்து, ஒன்றுதான் இதிலிருந்து. இதை நீ எனக்கு எதிராக எடுத்துப் போடுவாய் என்று தெரிந்தே நானே சொல்லிவிடுகிறேன். அந்த ஒன்று 'என்.ஐ.பி.'. சாத்தானே காதலில் விழுந்து உருகும் பாட்டு! கீசர் ஒலியை நெளிய வைக்கும் வா-வா பெடலை மிதித்து பேஸில் தனியாகத் தொடங்குவாரே, அந்தத் தொடக்கத்துக்கு ஈடாக உன் 'பாரனாய்ட்'டில் ஒன்றைக் காட்டு, பார்க்கலாம்.

எப்படியும் இன்னும் கொஞ்ச நாள் வீட்டில்தானே இருப்பாய். போன் ஸ்பீக்கரில் வேண்டாம், நல்ல ஹெட்போனில் முழு ஆல்பத்தையும் ஒரே மூச்சில் கேட்டுவிட்டு எழுது. லலிதாவுக்கு என் விசாரிப்பு. தீபாவளிக்கு முன்னால் அந்தப் பக்கம் வருகிற வேலை இருக்கிறது, தேதி முடிவானதும் போன் செய்கிறேன்.

அன்புடன்,
சேகர்