கெய்ஷா புத்தகத்தைக் கணக்குப் பார்த்துப் படி

கியோட்டோ

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. அத்தானுக்குக் கால்வலி குறைந்ததில் சந்தோஷம். லைப்ரரியில் எடுத்த கெய்ஷா சுயசரிதை பாதியில் நிற்கிறது, பெயர்களும் சடங்குகளும் தலையைச் சுற்றுகின்றன, அந்த ஊரில்தானே இருக்கிறாய், விளக்கமாக எழுது என்று கேட்டிருந்தாய். எழுதுகிறேன். கெய்ஷா என்றால் விருந்துகளில் ஆடிப் பாடி, பேசி மகிழ்விக்கும் ஜப்பானியப் பெண் கலைஞர்.

முதலில் கையில் இருப்பது எந்தப் புத்தகம் என்று பார். இந்த விஷயத்தில் உலகம் முழுக்க விற்றுத் தீர்ந்தது 1997-ல் வந்த ஒரு நாவல். எழுதியவர் ஓர் அமெரிக்க ஆண். 'நான், நான்' என்றே போவதால் பலர் அதைச் சுயசரிதை என்று நம்பிவிட்டார்கள். அவருக்கு விவரம் சொன்ன மினேகோ இவாசாகி, தன் பெயரை வெளியிடமாட்டேன் என்று கொடுத்த வாக்கை அந்த எழுத்தாளர் மீறிவிட்டார் என்று 2001-ல் வழக்குப் போட்டார். 2003-ல் கோர்ட்டுக்கு வெளியே பேசி முடித்துக்கொண்டார்கள். இடையில் 2002-ல் இவாசாகியின் சொந்தப் புத்தகமே ஆங்கிலத்தில் வந்துவிட்டது. நீ படிப்பது அதுவானால் நல்லது. ஆனால் அவர் 1949-ல் பிறந்தவர், இந்த ஊரில் கியோன் கோபு என்கிற பெரிய கெய்ஷா பேட்டையின் நட்சத்திரம், தான் வளர்ந்த வீட்டுக்கே வாரிசாகத் தத்துப் போனவர். மேல்மாடியிலிருந்து தெரிந்த தெருவைத்தான் அவர் எழுதியிருக்கிறார்.

அதை முடித்ததும் சாயோ மசுதா எழுதியதைத் தேடிப் படி. 1925-ல் பிறந்தவர். சின்னக் குழந்தையிலேயே பிள்ளை தூக்கும் வேலைக்கு அனுப்பப்பட்டு, 12 வயதில் நாகானோ பக்கம் சுவா என்ற வெந்நீர் ஊற்று ஊரில் கெய்ஷா வீட்டுக்கு விற்கப்பட்டவர். பள்ளிக்கூடம் போகாமல், ஹிரகானா என்ற எளிய ஜப்பானிய எழுத்தை மட்டும் கற்றுக்கொண்டு எழுதினார். 1957-ல் புத்தகமாக வந்தது. உடலை விற்பது எங்கள் தொழிலில் இல்லை என்கிறார் இவாசாகி. அதுவும் சேர்ந்ததுதான் என் தொழில் என்கிறார் மசுதா. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஊர் வேறு, காலம் வேறு, வீட்டின் வசதி வேறு.

படிக்கும்போது ஒரே ஒரு கேள்வியை விடாமல் கேள்: இதற்குக் காசு யார் கொடுத்தது? பாதி முடிச்சு அங்கேயே அவிழ்ந்துவிடும்.

பெண்கள் தங்கும் வீடு ஒகியா. விருந்து நடக்கும் இடம் ஒச்சாயா. இரண்டும் வேறு வேறு முதலாளிகள். விருந்தாளி ஒச்சாயாவுக்குச் சொல்வார். அவர்கள் ஒகியாவிலிருந்து பெண்களை வரவழைப்பார்கள், சமையல்காரரிடமிருந்து சாப்பாடு எடுப்பார்கள், திரும்பிப் போக டாக்ஸி பிடித்துக் கொடுப்பார்கள். எல்லாவற்றுக்கும் முதலில் காசு போடுவது ஒச்சாயாதான். பில் பிறகு வீட்டுக்கோ ஆபீசுக்கோ போகும். நம் மளிகைக்கடைப் பற்று நோட்டு மாதிரிதான். அறிமுகம் இல்லாதவரை வாசலிலேயே திருப்பி அனுப்புவது அதனால்தான். ஜம்பம் என்று நினைக்காதே. அறிமுகம் செய்தவருக்கும் பொறுப்பு உண்டு, புது ஆள் காசைக் கட்டாவிட்டால் அவர் தலையில் விடியும். நேரத்துக்குத்தான் கட்டணம். அந்தக் காலத்தில் ஊதுபத்தி எரிந்து தீர்வதை வைத்து நேரத்தை எண்ணினார்கள்.

பயிற்சிப் பெண்ணை இங்கே மாய்கோ என்பார்கள், தேறிய கெய்ஷாவை கெய்கோ. மாய்கோவின் கிமோனோ, நடன வகுப்பு, ஷாமிசென் என்ற தந்தி வாத்திய வகுப்பு, தலை அலங்காரம், சாப்பாடு எல்லாம் ஒகியா செலவு. பதிலுக்கு ஐந்தாறு வருஷம் அந்த வீட்டோடு இருக்க வேண்டும். சம்பளம் கிடையாது, கைச்செலவுக்குக் கொடுப்பார்கள். அந்தக் காலத்தில் இதே செலவு அந்தப் பெண்ணின் பெயரில் கடனாக ஏறியது. கிமோனோவில் ஒரு கறை பட்டதற்கு வீடே அதிர்கிற மாதிரி சத்தம் போடும் காட்சிகள் உனக்கு மிகையாகத் தெரிந்திருக்கும். அந்தத் துணியின் விலையை நினைத்துக்கொண்டு இன்னொரு தரம் படி.

புத்தகத்தில் வரும் 'அம்மா' ஒகியா முதலாளி. 'அக்கா' என்பவள் தொழிலில் மூத்தவள். மூன்று கிண்ணம் சாக்கே (அரிசி மது), ஒவ்வொன்றிலும் மூன்று மிடறு, அதோடு உறவு ஏற்பட்டுவிடும். இளையவளுக்கு மூத்தவளின் பெயரிலிருந்து ஒரு பகுதி போகும். மாமே, இச்சி என்று ஒரே மாதிரி தொடங்கும் பெயர்கள் வரிசையாக வந்தால் ஒரே கொடி என்று புரிந்துகொள்.

உடையை வைத்தே யார் எந்தப் படியில் இருக்கிறாள் என்று சொல்லிவிடலாம். முதல் வருஷ மாய்கோ கீழுதட்டில் மட்டும் சிவப்பு பூசுவாள். மாய்கோவின் காலர் சிவப்பு, இடுப்பில் கட்டும் ஒபி என்ற பட்டை ஐந்து மீட்டருக்கு மேல் நீளம், முதுகில் கணுக்கால் வரை தொங்கும், அதன் நுனியில் வீட்டு முத்திரை. கெய்கோ ஆகும்போது காலர் வெள்ளையாகும், சொந்த முடி போய் விக் வரும். அதுவரை வாரம் ஒரு முறை முடி கட்டி, கலையாமல் இருக்க உயரமான கட்டைத் தலையணையில் கழுத்தை வைத்துத் தூங்க வேண்டும். வருஷக்கணக்கில் உச்சியில் ஒரே இடத்தை இழுத்துக் கட்டுவதால் அங்கே காசளவு வழுக்கை விழும்.

வெள்ளைப் பூச்சைப் பற்றிக் கேட்டிருந்தாய். முதலில் மெழுகு. உள்ளங்கையில் தேய்த்து இளக்கி, முகம், கழுத்து, மேல்முதுகு எல்லாம் தடவ வேண்டும். மெழுகு படாத இடத்தில் வெள்ளை நிற்காது. அதிகமானால் வழுக்கித் திட்டுத்திட்டாகப் பிரியும். பிறகு பவுடரைத் தண்ணீரில் குழைத்து, பட்டையான தூரிகையால் இழுத்து, பஞ்சால் ஒற்றி ஈரத்தை எடுப்பார்கள். பின்கழுத்தில் இரண்டு முனையாகத் தோலை அப்படியே விடுவது வழக்கம், பெரிய விசேஷம் என்றால் மூன்று. பழைய புத்தகங்களில் இந்தப் பூச்சால் உடம்பு கெட்டது என்று வந்தால் நம்பு. அப்போது அதில் ஈயம் இருந்தது. ஒபி கட்டிவிடுவது மட்டும் ஆண்கள், அதை இழுத்து இறுக்க அவ்வளவு பலம் வேண்டும்.

இன்றைய நிலையைப் புத்தகத்தோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. இப்போது நடுநிலைப் பள்ளி முடித்து, 15 வயதான பிறகு, தானாக விரும்பி வருகிற பெண்கள்தான். பட்டப்பகலில் முழு ஒப்பனையோடு நின்று போட்டோவுக்குச் சிரிப்பவள் அநேகமாக வாடகை உடை போட்ட டூரிஸ்ட். நிஜமானவர்கள் சாயங்காலம் விருந்துக்கு விறுவிறுவென்று போய்விடுவார்கள், நிற்கமாட்டார்கள். கியோனின் தனியார் சந்துகளில் போட்டோ எடுத்தால் 10,000 யென் அபராதம் என்று 2019-லேயே பலகை வைத்தார்கள். தொல்லை அடங்காததால் 2024-ல் சில சந்துகளுக்குள் டூரிஸ்டுகள் நுழையவே தடை போட்டுவிட்டார்கள். எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது.

அறிமுகம் இல்லாமல் நாமும் பார்க்கக்கூடியது மியாகோ ஒதோரி. தலைநகரம் டோக்கியோவுக்குப் போய், களையிழந்து கிடந்த கியோட்டோவைத் தூக்கி நிறுத்த 1872-ல் தொடங்கிய நடனம். ஏப்ரல் மாதம் நடக்கும், டிக்கெட் வாங்கினால் யாரும் போகலாம். நீயும் அம்மாவும் வருவதானால் அந்த மாதமே வாருங்கள். செர்ரி சமயம் ஆதலால் ரூம் கிடைப்பது கஷ்டம், முன்னாலேயே போட வேண்டும். அம்மாவின் பாஸ்போர்ட் எதுவரை செல்லும் என்று பார்த்து எழுது.

அன்புடன்,
உன் தங்கை