மனுவில் ஒரு வரி குறைகிறது, பிரணவன்

அன்பின் பிரணவனுக்கு,

நீ பனியில் சறுக்கப் போகிற மலையின் முதலாளிகளுக்கு எழுதி எனக்கு அனுப்பிய மனுவை நேற்றிரவு இரண்டு தரம் வாசித்தேன். "சித்தி, நீங்களும் கையெழுத்துப் போடுங்கோ, கொழும்பில இருந்தும் போடலாம்" என்று கீழே எழுதியிருந்தாய். நான் இன்னும் போடவில்லை. ஏன் என்று உனக்குத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உன்னைப் போலப் பனியில் சறுக்கித் திரிகிற எங்கள் பிள்ளைகள் ரொறொன்ரோவிலும் சூரிச்சிலும் ஒஸ்லோவிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய சித்திமாரும் மாமிமாரும் இந்தப் பக்கத்தை வாசிக்கிறார்கள். அதனால் எல்லோருக்கும் தெரியவே எழுதுகிறேன். நீ போகிற மலையின் பெயரை மட்டும் எழுதவில்லை. உனக்கும் எனக்கும் தெரிந்தால் போதும்.

உன் கோபம் எனக்கு நன்றாக விளங்குகிறது. மலையைப் புது முதலாளிகள் வாங்கினார்கள், குளிர்காலம் முழுவதும் சறுக்க வாங்குகிற சீசன் பாஸின் விலை ஏறியது. சும்மா விட்ட கார் பார்க்குக்குக் காசு கேட்கிறார்கள். சறுக்குகிறவர்களை மேலே ஏற்றிவிடுகிற பின்பக்கத்து லிஃப்ட் கிழமை நாட்களில் ஓடுவதில்லை. இவ்வளவையும் எழுதிவிட்டு, "ஏழு வருசமா வாறம், எங்களிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்று ஒரு வரி எழுதியிருந்தாய். உன் நோவு அந்த வரியில்தான் இருக்கிறது. காசு கூடினதை விட, ஒரு இடத்தைத் தன்னுடையதென்று நினைத்துப் போய்வந்தவனை வெறும் வாடிக்கையாளனாக எண்ணியது சுடுகிறது.

விலை ஏறுவது என்றால் என்னவென்று கொழும்புக்காரருக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. 2022 செப்டெம்பரில் இந்த நகரத்தின் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதம். காஸ் வரிசையில் நின்றோம், பாணின் விலை ஏற ஏறப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஆனால் மாவின் விலை ஏறியதால் பாணின் விலை ஏறுவது ஒரு விதம். யார் உள்ளே வரலாம், யார் வெளியே நிற்க வேண்டும் என்று கணக்குப் போட்டு ஏற்றுவது இன்னொரு விதம். உன் மலையில் நடப்பது இரண்டாவது என்று நினைக்கிறேன். உன் மனு அதை முதலாவதாக நினைத்து எழுதப்பட்டிருக்கிறது.

மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். அமெரிக்காவில் வேல் ரிசோர்ட்ஸ் என்ற நிறுவனம் 2008இல் எபிக் பாஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. 579 டாலர் கொடுத்தால் அவர்களுடைய மலைகளில் அந்தக் குளிர்காலம் முழுவதும் சறுக்கலாம். அந்தக் காலத்து சீசன் பாஸ்களோடு பார்த்தால் மிக மலிவு, சனம் சந்தோசமாக வாங்கியது. ஒரு நிபந்தனை, பனி விழுவதற்கு முன்பே காசைக் கட்டிவிட வேண்டும். பனி வந்தாலும் வராவிட்டாலும் நிறுவனத்தின் கையில் காசு இருக்கும். மழைக்குக் காத்திருக்கிற விவசாயிக்கு இப்படி ஒரு ஏற்பாடு கிடைத்தால் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பார்.

கையில் வந்த பலத்தில் அவர்கள் மலைமலையாக வாங்கினார்கள். உன் நாட்டிலேயே விஸ்லர் பிளாக்கொம் என்ற பெரிய சறுக்கு மலை 2016இல் 140 கோடி கனேடிய டாலருக்கு அவர்கள் கைக்குப் போனது. போட்டிக்கு அல்டெரா என்ற நிறுவனம் வந்து 2018இல் அதே மாதிரி ஐகொன் பாஸை இறக்கியது. சரி, பாஸ் மலிவு என்றால் பிறகு எங்கே சிக்கல்?

சிக்கல் நாள் டிக்கட்டில். ஒரேயொரு நாள் வந்து பார்க்கிறவன் வாசலில் வாங்குகிற டிக்கட் இருக்கிறதே, அதைப் பாஸின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாஸ் மலிவாகத் தெரிய வேண்டும். அதற்கு நாள் டிக்கட்டை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். இன்று அந்த நிறுவனத்தின் வேல் என்ற மலையில் கூட்டமான நாட்களில் ஒரு நாள் டிக்கட் 300 டாலருக்கு மேல். எங்கள் காசில் ஏறக்குறைய 90,000 ரூபாய். ஒரு நாளைக்கு, ஒரு ஆளுக்கு! நாலு நாள் போனால் பாஸின் விலை வந்துவிடும், அதனால் ஒழுங்காகப் போகிறவன் எல்லோரும் பாஸ் வாங்குகிறான். பாஸ் வாங்கியவனிடம் அடுத்த வருசம் கொஞ்சம், அதற்கடுத்த வருசம் கொஞ்சம் என்று ஏற்றலாம். உனக்கு இப்போது நடப்பது அதுதான். ஆனால் கதவு முதலில் மூடியது உனக்கு இல்லை, அந்த ஒரு நாள் ஆளுக்கு.

இதில் எனக்கு மிகவும் உறுத்திய கதை ஸ்டீவன்ஸ் பாஸ் என்ற மலையின் கதை. வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கிறது, 2018இல் அதையும் வேல் வாங்கியது. 2021இல் நிறுவனம் எபிக் பாஸின் விலையை 20 சதவீதம் குறைத்தது. பாஸ்கள் முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு விற்றன. அந்தக் குளிர்காலம் வந்தபோது வேலைக்கு ஆட்கள் போதவில்லை. லிஃப்ட்டுகள் பல ஓடவில்லை, வரிசைகள் நீண்டன. சறுக்குகிறவர்கள் மனு எழுதினார்கள், 40,000 பேருக்கு மேல் கையெழுத்து வைத்தார்கள். மனு வேலை செய்தது. மலைக்குப் புது மேலாளர் வந்தார், பாஸ் வைத்திருந்தவர்களுக்கு அடுத்த பருவத்தில் சலுகை கிடைத்தது, தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 20 டாலர் என்று நிறுவனம் அறிவித்தது. இதெல்லாம் நல்லது, சம்பளம் கூடியது மிக நல்லது.

ஆனால் அடுத்த பருவத்தில், கூட்டத்தைக் குறைக்க என்று சொல்லி, நிறுவனம் தன் மலைகளில் ஒரு நாளைக்கு விற்கிற நாள் டிக்கட்டுகளுக்கு உச்ச வரம்பு வைத்தது. கூட்டத்துக்குக் காரணம் மலிவாக விற்ற பாஸ். வெட்டு விழுந்தது நாள் டிக்கட்டுக்கு. அந்த ஒரு நாள் ஆளுக்காகக் கேட்க யாரும் இருக்கவில்லை. அவன் இன்னும் மலைக்கே வரவில்லை, எப்படி மனு எழுதுவான்?

இனி என் சொந்தக் கதையைச் சொல்ல வேண்டும். உன் அம்மாவுக்கும் இதை நான் சொல்லவில்லை.

நான் விடியற்காலையில் நீந்தப் போவேன் என்று உனக்குத் தெரியும். முழங்கால் வலிக்கு வைத்தியர் சொல்லித் தொடங்கினது, பிறகு அது இல்லாமல் நாள் விடியாது என்றாகிவிட்டது. அந்த நீச்சல் தடாகமும் கைமாறியது. புதிதாக எடுத்தவர்கள் வாசலில் அட்டை தட்டித் திறக்கிற கதவு போட்டார்கள், சுவருக்கு நீலப் பூச்சு அடித்தார்கள், மாதக் கட்டணத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கினார்கள். மணித்தியாலத்துக்கு 500 ரூபாய் கொடுத்து வருகிறவர்களுக்குக் கவுண்டரில் கிழித்துக் கொடுக்கிற இளஞ்சிவப்புத் துண்டை நிறுத்தினார்கள். இனி அங்கத்தவர்கள் மட்டும், அதுவும் ஆறு மாதக் காசை ஒன்றாகக் கட்ட வேண்டும்.

நாங்கள் பழைய அங்கத்தவர்கள் 23 பேர் கூடிக் கடிதம் எழுதினோம். வரைவு எழுதியது நான்தான். கட்டணம் நியாயமில்லை, பழையவர்களை மதிக்கவில்லை, எங்களைக் கேட்காமல் செய்தீர்கள் என்று ஒன்றுவிடாமல் எழுதினேன். ஒரு கிழமைக்குள் மேலாளர் எங்களைக் கூப்பிட்டு இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, பழைய அங்கத்தவர்களுக்கு வருட முடிவு வரை பழைய கட்டணமே என்றார். எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம் மறந்துவிட்ட துவாயை எடுக்கப் போனேன். வாசலில் ஒரு தாய் இரண்டு பெண் பிள்ளைகளோடு நின்றுகொண்டிருந்தார். அவரை எனக்குத் தெரியும். காலி வீதியில் ஒரு தையல் கடையில் சாரி பிளவுஸ் தைக்கிறவர், கிருலப்பனையில் இருந்து பஸ்ஸில் வருகிறவர். சனிக்கிழமைகளில் ஒரு டிக்கட் வாங்குவார். ஒரு மணித்தியாலத்தில் பாதி நேரம் மூத்தவள், மீதி நேரம் இளையவள். தொப்பி இல்லாமல் தண்ணீரில் இறங்கக் கூடாது என்பது அங்கத்துச் சட்டம். வீட்டில் இருந்ததோ ஒரே ஒரு தொப்பி. அக்கா ஏறி வந்து, தலையிலிருந்து அதை உரித்து, தண்ணீரை உதறித் தங்கைக்கு மாட்டிவிடுவாள். கவுண்டரில் இருந்த ஐயா கண்டும் காணாத மாதிரி இருப்பார். இளையவள் தடாகத்து விளிம்பை விட்டு அப்போதுதான் கையை எடுக்கப் பழகியிருந்தாள். முகத்தைத் தண்ணீருக்குள் வைக்க இன்னும் பயம்.

அன்று காவல்காரர் அறிவித்தலை அவர்களுக்கு வாசித்துக் காட்டினார். தாய் ஒன்றும் சொல்லவில்லை, குனிந்து இளையவளின் தொப்பியைக் கழற்றினார். அந்தப் பிள்ளை வீட்டிலேயே தொப்பியை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்திருக்கிறாள், பிரணவன். காய்ந்த தொப்பி முடியைப் பிடித்து இழுக்க, "ஆ" என்றாள். பிறகு மூன்று பேரும் காலி வீதிப் பக்கம் நடந்து போனார்கள். என் கையில் அட்டை இருந்தது. தட்டினேன், கதவு திறந்தது, உள்ளே போய்த் துவாயை எடுத்துக்கொண்டு வந்தேன்.

அன்றிரவு எங்கள் கடிதத்தைத் திருப்பி எடுத்து வாசித்தேன். இரண்டு பக்கம். அதில் மணித்தியால டிக்கட்டைப் பற்றி ஒரு சொல் கூட இல்லை. சனிக்கிழமைகளில் அவர்களோடு நின்று கதைத்திருக்கிறேன், அந்தச் சின்னவளுக்கு மூச்சை ஊதச் சொல்லிக் காட்டியிருக்கிறேன். எழுத உட்கார்ந்தபோது அவர்கள் என் ஞாபகத்துக்கு வரவே இல்லை.

பிறகு தனியாக ஒரு கடிதம் எழுதினேன். மணித்தியால டிக்கட்டைத் திருப்பிக் கொண்டுவாருங்கள், சனிக்கிழமை பின்னேரம் மட்டுமாவது கொண்டுவாருங்கள் என்று. 23 பேர் எழுதியபோது ஒரு கிழமையில் பதில் வந்தது. நான் தனியே எழுதியதற்கு இன்றுவரை "பரிசீலிக்கிறோம்" என்பதுதான் பதில். எங்கள் கடிதம் பலமாக இருந்த அன்றைக்கே அந்த ஒரு வரியையும் சேர்த்திருந்தால் மேலாளர் அதற்கும் தலையாட்டியிருப்பார் என்று நம்புகிறேன். இப்போது நானும் சலுகை வாங்கிக்கொண்ட ஆள். எனக்கு இனிக் கேட்க என்ன பலம் இருக்கிறது?

உன் மனுவில் பதினொரு கோரிக்கைகள் இருக்கின்றன. சீசன் பாஸ், கார் பார்க், லொக்கர், லிஃப்ட் நேரம், பழைய பாஸ்காரருக்குக் கழிவு. நாள் டிக்கட் என்ற சொல்லைத் தேடினேன், இல்லை.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, நீங்கள் கனடாவுக்குப் போன முதல் குளிர்காலம்? அக்கா ஒவ்வொரு கிழமையும் அழுதுகொண்டு போன் எடுப்பாள். இருட்டு, குளிர், பிள்ளை வீட்டுக்குள்ளேயே இருக்கிறான் என்று. பிறகு யாரோ சொல்லி ஏர்ல் பேல்ஸ் பூங்காவுக்குக் கூட்டிப் போனாள். நகரசபை நடத்துகிற சின்னக் குன்று. சப்பாத்து, பலகை எல்லாம் வாடகைக்கு. அங்கே நீ விழுந்து எழும்பிப் பழகினாய். அடுத்த வருசம், அத்தான் இரண்டு வேலை செய்துகொண்டிருந்த நேரத்தில், உன் பிறந்தநாளுக்கு என்று பெரிய மலைக்கு ஒரே ஒரு நாள் டிக்கட் வாங்கினார்கள். உனக்கு மட்டும். அவர்கள் இரண்டு பேரும் கீழே கண்ணாடிக்குப் பக்கத்தில் சாப்பாட்டுப் பெட்டியோடு நின்று பார்த்தார்களாம்.

அந்த டிசெம்பரில் நீங்கள் கொழும்புக்கு வந்தீர்கள். கட்டுநாயக்கவில் வெக்கையில் வியர்த்துக்கொண்டு அந்தத் தடித்த ஜாக்கெட்டைக் கையில் பிடித்தபடி வந்தாய். அதன் சிப்பில் மெல்லிய கம்பி வளையத்தில் அந்த டிக்கட் தொங்கியது. வீட்டுக்கு வந்ததும் வெட்டி எறியக் கத்தரிக்கோலை எடுத்தேன், "சித்தி, வேண்டாம்!" என்று கத்தினாய். வெள்ளவத்தைக் கடலுக்குப் போகும்போதும் அதைப் போட்டுக்கொண்டு வருவேன் என்று அடம்பிடித்தாய். ஒரு நாள் டிக்கட், ராசா. இன்றைக்கு நீ அந்த மலையை "எங்கட மலை" என்று சொல்கிறாய் என்றால் அது அங்கே தொடங்கியது.

இப்போது வேல் நிறுவனம் பாஸ் வைத்திருப்பவர்கள் தங்கள் நண்பருக்குப் பாதி விலையில் நாள் டிக்கட் வாங்கிக் கொடுக்கலாம் என்று 2025-26 பருவத்துக்கு ஒரு ஏற்பாடு செய்திருக்கிறது. புதியவர்கள் வராவிட்டால் மலை நாளைக்கு வெறுமையாகும் என்று அவர்களுக்கும் விளங்கத் தொடங்கியிருக்கிறது போல. ஆனால் அன்றைக்கு அத்தானுக்கும் அக்காவுக்கும் பாஸ் வைத்திருந்த எந்த நண்பன் இருந்தான்? உள்ளே இருக்கிறவனைத் தெரிந்தால்தான் உள்ளே வரலாம் என்றால் எங்கள் சனத்தில் பாதிப்பேர் வாசலிலேயே நிற்போம்.

உங்கள் குழுவில் யாரோ "மலையை நாங்களே வாங்கினால் என்ன" என்று எழுதியிருந்தார்களாம், எல்லோரும் சிரித்தார்களாம். சிரிக்க வேண்டாம் என்று சொல். வெர்மொன்டில் மேட் ரிவர் க்ளென் என்ற மலையை 1995இல் அங்கே சறுக்குகிறவர்களே கூட்டுறவாகச் சேர்ந்து வாங்கி இன்றுவரை நடத்துகிறார்கள். யாழ்ப்பாணத்துச் சங்கக்கடையில் அரிசி வாங்கி வளர்ந்த என் தலைமுறைக்கு இது ஒன்றும் அதிசயமாகத் தெரியவில்லை. அது நீண்ட வேலை, உடனே நடக்காது, தெரியும். மனு இந்தக் கிழமை நடக்கக்கூடியது.

ஆகவே ஒன்று செய். பன்னிரண்டாவது கோரிக்கையாக இதைச் சேர்: பருவம் முழுவதும், சனி ஞாயிறு உட்பட, முதல் தரம் வருகிறவர் வாசலில் வந்து வாங்கக்கூடிய விலையில் நாள் டிக்கட், பலகை வாடகையோடு, தெரிந்த ஆள் யாரும் தேவையில்லாமல். சொற்களை நீ திருத்திக்கொள், உன் ஆங்கிலம் என்னுடையதை விட நல்லது. பன்னிரண்டாவதாகப் போட்டால் பேரம் பேசும்போது முதலில் அதைத்தான் விட்டுக்கொடுப்பீர்கள் என்று ஒரு பயமும் எனக்கு இருக்கிறது. முடிந்தால் முதலாவதாகப் போடு.

குழுவில் யாராவது "அது எங்கட பிரச்சினை இல்லையே" என்று சொன்னால் அந்த ஜாக்கெட்டைக் காட்டு. அம்மாவிடம் இருக்கிறது, கீழ் அறை அலுமாரியில், டிக்கட்டோடு.

சேர்த்துவிட்டு இணைப்பை அனுப்பு. நான் கையெழுத்து வைக்கிறேன். தடாகத்து நண்பிகள் நாலு பேரும் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அன்புடன்,
சித்தி
வெள்ளவத்தை, கொழும்பு 6