டயட் சீட்டு எழுதும் முன் எங்கள் வீட்டைப் பற்றிக் கேளுங்கள்: மதுரை மருத்துவர்களுக்கும் உணவு ஆலோசகர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம். நான் தெப்பக்குளம் பக்கம் குடியிருக்கிறேன், ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மூன்று வருஷமாக வீட்டில் நானும் என் பையனும் மட்டும்தான், அவன் மாநகராட்சிப் பள்ளியில் நாலாவது படிக்கிறான். போன வருஷம் ஆடித் தள்ளுபடி முடிந்த கையோடு தலைசுற்றலுக்காக ஒரு டாக்டரிடம் போனேன். எடை 78 கிலோ, உயரம் 155 சென்டிமீட்டர், மூன்று மாத சராசரி சர்க்கரை அளவு (HbA1c) 6.2 சதவீதம். சர்க்கரை இன்னும் வரவில்லை, ஆனால் வாசல்படி வரை வந்துவிட்டது, எடையைக் குறைத்தே ஆகணும் என்றார். அதில் ஒரு தப்பும் இல்லை, அன்றைக்கு அவர் சொல்லியிருக்காவிட்டால் நான் இன்னும் கவனிக்காமலே இருந்திருப்பேன்.

ஆனால் அதோடு இன்னொன்றும் சொன்னார். "இப்படியே போனா உங்க பையனை யாரு பாத்துக்குவா?" பையன் பக்கத்து ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தான், வேறு யாரிடமும் விட்டுவிட்டு வர வழி இல்லாததால் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அன்றைக்கு ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, "அம்மா, நீ செத்துப் போயிருவியா?" என்று கேட்டான். நான் என்ன பதில் சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை, அவன் கை என் வயிற்றின் மேல் இருந்தது மட்டும் நினைவிருக்கிறது. டாக்டர்களே, அந்தக் கேள்வியை நாங்கள் தினமும் எங்களையே கேட்டுக்கொண்டுதான் படுக்கிறோம். தயவுசெய்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு அதைக் கேட்காதீர்கள்.

அப்புறம் எனக்கு ஒரு டயட் சீட்டு கிடைத்தது. அச்சடித்த தாள், மேலே என் பெயரை மட்டும் பேனாவில் எழுதியிருந்தார்கள். காலையில் 45 நிமிஷம் நடை, பிறகு ஓட்ஸ், பதினோரு மணிக்கு ஒரு ஆப்பிள், சாயங்காலம் காய்கறி சூப், இரவு 7 மணிக்குள் இரண்டு சப்பாத்தி. எழுதியவருக்கு என் மேல் அக்கறை இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்தத் தாளுக்குள் இன்னொரு ஆள் இருக்கிறார். நான் நடக்கப் போகும்போது பிள்ளையோடு வீட்டில் இருப்பவர், நான் கடையில் நிற்கும்போது சூப் வைப்பவர். அந்த ஆள் எங்கள் வீட்டில் இல்லை. அஞ்சரை மணிக்கு நான் வாக்கிங் போகணும் என்றால் தூங்கும் ஒன்பது வயசுப் பிள்ளையை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுத்தான் போகணும், ஒரே ஒரு நாள் அப்படிப் போனேன், தெருமுனை தாண்டும் முன்பே திரும்பி ஓடி வந்துவிட்டேன்.

இரவுச் சாப்பாட்டு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எடை ஏறியது அங்கேதான். கடையிலிருந்து கிளம்பும்போது ஒன்பது ஆகிவிடும். பக்கத்து வீட்டு அக்காவிடமிருந்து பையனைக் கூட்டிக்கொண்டு கதவைத் திறக்கும்போது அடுப்பு பற்றவைக்கத் தெம்பு இருக்காது. நம்ம ஊரில் அந்த நேரத்தில் எந்தத் தெருவில் திரும்பினாலும் கல்லில் புரோட்டா போடும் சத்தம் கேட்கும், வாரத்தில் மூன்று நாள் அதுதான் எங்கள் இரவுச் சாப்பாடு. ஆளுக்கு இரண்டு, சால்னா பாக்கெட். அவன் ஒன்றரை தின்றுவிட்டுத் தட்டை என் பக்கம் தள்ளுவான், சால்னாவில் ஊறிய அந்த அரைப் புரோட்டாவைக் கொட்ட மனசு வராமல் நானே தின்பேன். பள்ளி இல்லாத நாள் காலையில் அவன் விட்ட அரை இட்லி, டிபன் டப்பாவில் திரும்பி வந்த தயிர்சோறு எல்லாமே அப்படித்தான், காசு போட்டு வாங்கியதைக் குப்பையில் போட எங்களுக்குக் கை வராது. எந்தச் சீட்டிலும் பிள்ளைகள் வைத்த மிச்சத்துக்கு ஒரு வரி இல்லை.

ஏழு மணிக்குள் சாப்பிடு என்றால் அதற்கு மேல் அவன் தனியாகச் சாப்பிடணும். அவன் பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்வதே அந்த அரை மணி நேரத்தில்தான். நான் தட்டு இல்லாமல் எதிரே உட்கார்ந்தால் இரண்டு வாய் தின்றுவிட்டு எழுந்துவிடுவான்.

இதற்கு வழி சொன்னது பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு பிரஷர் பார்க்க வந்த, மக்களைத் தேடி மருத்துவத்தில் வேலை பார்க்கும் ஒரு அக்கா. 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த திட்டம் அது, வீட்டுக்கே வந்து பார்த்து மாத்திரை தருகிறார்கள். அன்றைக்கு எனக்கு வார லீவு. என் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு அவர் கேட்டது, "வீட்ல யாரும்மா சமைக்கிறா? எத்தனை மணிக்குக் கிளம்புற? ரேஷன்ல என்னென்ன வாங்குற?" அதுவரை இதை என்னிடம் யாருமே கேட்டதில்லை. பிறகு அடுப்படிக்குள் வந்து என் மூன்றடுக்கு கேரியரை எடுத்துப் பார்த்தார். பெரிய அடுக்கில் சோறு, நடுவில் குழம்பு, சின்ன அடுக்கில் பொரியல் என்றுதான் இத்தனை வருஷமும் கட்டிக்கொண்டு போயிருக்கிறேன். "பெரிய அடுக்குல காயை வை, சின்னதுல சோத்தை வை, மத்தது எதையும் மாத்தாத" என்றார். அவ்வளவுதான்.

அங்கிருந்துதான் மற்றதெல்லாம் வந்தது. இப்போது ஏழு மணி வாக்கில் கடையில் பத்து நிமிஷ இடைவெளியில், காலையிலேயே கட்டி எடுத்துப் போன சப்பாத்தியும் தட்டைப்பயறோ கொண்டைக்கடலையோ ஒரு கிண்ணமும் சாப்பிட்டுவிடுகிறேன். ஒன்பதரைக்குப் பையனோடு எனக்கும் ஒரு தட்டு உண்டு, அதில் ஒரு அவித்த முட்டை, நறுக்கிய வெள்ளரிக்காய், பக்கத்தில் ஒரு டம்ளர் மோர். தட்டைப் பார்த்ததும் அவன் கதை சொல்ல ஆரம்பித்துவிடுகிறான். அவனுக்கு முதலில் கொஞ்சமாக வைத்து, கேட்டால் மறுபடி வைக்கிறேன், அதனால் மிச்சமே விழுவதில்லை. கடையில் நாலு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சீனி, கணக்குப் போட்டால் வாரத்துக்குக் கால் கிலோவுக்குப் பக்கத்தில் வந்தது. இப்போது இரண்டு டீ, அதுவும் அரைச் சீனி.

நடையை மொட்டை மாடிக்கு மாற்றினேன். தண்ணீர்த் தொட்டியிலிருந்து துணிக்கொடி வரை போய்த் திரும்பினால் ஐம்பது காலடி. கதவு திறந்திருக்கும், அவன் கூப்பிட்டால் கேட்கும். வாரத்துக்கு 150 நிமிஷம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதைப் பத்துப் பத்து நிமிஷமாகப் பிரித்து நடந்தாலும் கணக்கில் சேரும் என்பதை நானாகத் தெரிந்துகொண்டேன், இதை நீங்களே முதல் நாளில் சொல்லியிருக்கலாம். லீவு நாளில் சாயங்காலம் இருவரும் தெப்பக்குளத்தைச் சுற்றுவோம், நாலு கரையும் சேர்ந்து ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட வரும். அன்றைக்குக் காலையில் அவனைப் பள்ளியில் விட்டுவிட்டு அண்ணா நகர் உழவர் சந்தைக்குப் போய் வாரத்துக்கான காயை வாங்கிவிடுவேன், 1999ல் தமிழ்நாட்டிலேயே முதலில் திறந்த சந்தை அது. சுரைக்காய், புடலை, முருங்கைக்கீரை, அவரைக்காய் இருக்க எனக்கு எதற்கு ப்ராக்கோலி? ரேஷனில் அரிசி விலையில்லாமல் வருகிறது, பருப்பு 30 ரூபாய், பாமாயில் 25 ரூபாய், காய்க்கு மட்டும்தான் சந்தை விலை. எங்கள் தட்டில் சோறு ஏன் மலையாகக் குவிகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம், சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள்.

காலை உணவுத் திட்டத்தையும் சொல்லியாகணும். 2022 செப்டம்பரில் நம்ம மதுரையில்தான் அதைத் தொடங்கினார்கள். பையன் பள்ளியிலேயே கிச்சடியும் பொங்கலும் சாப்பிடுவதால் எனக்குக் காலையில் அரை மணி நேரம் மிச்சம். அந்த அரை மணியில்தான் காய் நறுக்குகிறேன்.

பதினோரு மாதத்தில் 71 கிலோவுக்கு வந்திருக்கிறேன். உங்கள் கணக்குக்கு இன்னும் அதிகம்தான், தெரியும். ஆனால் என்னைப் போல எத்தனை பேர் அந்தத் தாளை மடித்து சாமி படத்துக்குப் பின்னால் சொருகிவிட்டு, நமக்கு இதெல்லாம் ஆகாது என்று விட்டிருப்பார்கள்? 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40 சதவீதம் பேர் அதிக எடையோடு இருப்பதாக வந்தது. அவர்களில் தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள், மனைவியை இழந்து சமைக்கத் தெரியாமல் ஹோட்டல் பார்சலில் பிள்ளை வளர்க்கும் அண்ணன்மார்களும் உங்களிடம் வருவார்கள். அவர்கள் வந்தால் தாளை நீட்டும் முன் அந்த அக்கா கேட்ட மூன்று கேள்வியைக் கேளுங்கள், இரண்டு நிமிஷம் ஆகாது. பதிலுக்கு ஏற்ற மாதிரி ஒரே ஒரு மாற்றம் எழுதிக் கொடுங்கள், அது பிடித்துக்கொண்ட பிறகு அடுத்தது. பிள்ளைக்கும் எங்களுக்கும் ஒரே சட்டியில் ஆகிற சமையலாக இருக்கட்டும்.

அடுத்த மாதம் எனக்கு மறுபடி செக்கப் இருக்கிறது. காலையில் கட்டியபடியே கேரியரையும் எடுத்துக்கொண்டு வருகிறேன். மூன்று அடுக்கையும் திறந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், அடுத்து எதை மாற்றலாம் என்று.