ஏழாம் இடத்துக்கும் ஒரு போட்டி வேண்டும்: திருகோணமலைக் கழகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கழகத் தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்களுக்கு,

திருகோணமலை நகரம், உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி, கிண்ணியா, மூதூர், சம்பூர், தம்பலகாமம், கந்தளாய் என இந்த மாவட்டத்தில் உதைபந்தாட்டக் கழகம் நடத்தும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம். லீக் கூட்டத்தில் கை உயர்த்துபவர்கள் நீங்கள். எந்தப் போட்டியை எந்த முறையில் நடத்துவது என்பதும் உங்கள் வாக்கில்தான் இருக்கிறது.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். ஒவ்வொரு எதிரணியையும் சொந்த மைதானத்தில் ஒரு தடவை, வெளியூரில் ஒரு தடவை சந்திக்கும் இரண்டு பிரிவு லீக், அதில் தரமுயர்வும் தரமிறக்கமும். வருடத்தின் முதல் இடம் அதற்குத்தான். நினைவுக் கிண்ணங்களும் எழுவர் போட்டிகளும் அதற்குப் பிறகு வரட்டும்.

தோற்றவர் வெளியேறும் விலகல் முறைக் கிண்ணத்தின் கணக்கைப் பாருங்கள். 16 அணிகள் வந்தால் மொத்தம் 15 ஆட்டம். அதில் 8 அணிகள் ஒரேயொரு ஆட்டத்தோடு வீட்டுக்குப் போகின்றன. மூன்று மாதம் பயிற்சி செய்த பெடியனுக்குக் கிடைப்பது 90 நிமிடம். சில போட்டிகளில் 60 நிமிடம், பிறகு பனால்டி. கோல்காப்பாளர் ஒரு பந்தைத் தவறவிட்டால் அந்தக் கழகத்தின் வருடம் அங்கேயே முடிந்துவிடுகிறது. அதே 16 கழகங்களை எட்டு எட்டாக இரண்டு பிரிவாக்கி, ஒவ்வொரு அணியையும் இரண்டு தடவை சந்திக்க வைத்தால், கழகம் ஒன்றுக்கு 14 ஆட்டம், மொத்தம் 112 ஆட்டம். தவறு செய்த கோல்காப்பாளர் அடுத்த சனிக்கிழமை திரும்ப நிற்பார்.

112 ஆட்டத்துக்கு மைதானம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் நகரத்தில் ஒரே மைதானத்தில் வைத்தால், சனி ஒன்று ஞாயிறு ஒன்று என 56 வாரம் போகும். நாளுக்கு இரண்டு வைத்தாலும் 28 வாரம். அதுவும் முதல் ஆட்டம் இருபது நிமிடம் பிந்தினால் இரண்டாவது ஆட்டத்தின் கடைசிப் பகுதி இருட்டில்தான் நடக்கும். நகரத்து ஏகாம்பரம் மைதானத்தோடு கிண்ணியா, மூதூர், நிலாவெளிப் பக்கம் என நான்கு மைதானங்களைப் பிடியுங்கள். சனிக்கு நான்கு, ஞாயிறுக்கு நான்கு, எல்லாம் பி.ப. 4.00 மணிக்கு. ஒரு வார இறுதியில் இரண்டு பிரிவின் ஒரு சுற்று முழுவதும் முடிந்துவிடும். 14 வார இறுதிகள் போதும். லீக் ஆட்டத்தில் மேலதிக நேரமும் இல்லை, பனால்டியும் இல்லை, 4.00க்குத் தொடங்கினால் இடைவேளையும் சேர்த்து 6.00க்குள் வெளிச்சத்திலேயே முடியும்.

2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை இப்படி யோசிப்பதே கஷ்டம். படகுப்பாதையை நம்பி ஒரு அணி நேரத்துக்கு வந்து சேரும் என்று அட்டவணை போட முடியாது. இப்போது அந்தச் சாட்டு இல்லை. கிண்ணியாவில் ஆட்டம் நடந்தால் கிண்ணியாச் சனம் பார்க்க வரும், மூதூரில் நடந்தால் மூதூர்ச் சனம் வரும். சொந்த மைதானம் என்ற உணர்வு இல்லாத கழகத்துக்கு ரசிகன் எங்கிருந்து வருவான்?

காலத்தை மழையிடம் கேட்டுத் தீர்மானிக்க வேண்டும். எங்கள் பெருமழை ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரை. இந்த வருடங்களில் பெப்ரவரி, மார்ச்சில் நோன்பு வருகிறது. அது வருடத்துக்கு ஏறக்குறைய 11 நாள் முன்னுக்கு நகர்வதால் ஒவ்வொரு வருடமும் கலண்டரைப் பார்த்தே தொடங்க வேண்டும். மாவட்டத்தின் பாதிக் கழகங்களில் நோன்பு பிடிக்கும் வீரர்கள் இருக்கும்போது பி.ப. 4.00 ஆட்டம் போடுவது அநியாயம். ஆகவே மார்ச் கடைசிச் சனிக்கிழமை தொடங்குங்கள். சித்திரைப் புத்தாண்டு, வெசாக், ஹஜ்ஜுப் பெருநாள் வாரங்களை விட்டுவிட்டு ஜூன் முதல் வாரத்துக்குள் ஏழு சுற்று. பிறகு இரண்டு வாரம் இடைவெளி. வீரர் மாற்றம் அப்போது மட்டும். மிச்ச ஏழு சுற்றையும், தடைப்பட்ட ஆட்டங்களுக்கென்று ஒதுக்கிய இரண்டு வார இறுதியையும் சேர்த்தால் ஓகஸ்ட் நடுப்பகுதியில் லீக் முடிகிறது. செப்ரெம்பர் முழுக்கக் கிண்ணங்களுக்கு. கச்சான் காற்று வறட்டிக்கொண்டு வீசும் மாதங்களில் ஒவ்வொரு பாதியிலும் 25ஆவது நிமிடத்தையொட்டி குளிர்விப்பு இடைவேளை கொடுங்கள். ஆட்ட விதியே 90 செக்கன் முதல் 3 நிமிடம் வரை அனுமதிக்கிறது. ஆனால் போட்டி விதியில் முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும். அன்றைக்கு மைதானத்தில் நின்று பேசித் தீர்ப்பதற்கல்ல.

அட்டவணை போடுவதில் வரும் சண்டைக்கு மருந்து எளிது. கழகங்களுக்குச் சீட்டுக் குலுக்கி 1 முதல் 8 வரை இலக்கம் கொடுங்கள். முதல் சுற்று 1-8, 2-7, 3-6, 4-5. ஒன்றாம் இலக்கத்தை அசைக்காமல் மற்ற ஏழையும் ஒரு இடம் சுழற்றுங்கள். இரண்டாம் சுற்று 1-7, 8-6, 2-5, 3-4. இப்படி ஏழு சுற்று வரும்வரை சுழற்றினால் எல்லோரும் எல்லோரையும் சந்தித்துவிடுவார்கள். இரண்டாம் பாதியில் அதே வரிசை, மைதானம் மட்டும் மாறும். ஏழு கழகம்தான் என்றால் எட்டாம் இலக்கம் ஓய்வு. குலுக்கல் எல்லாக் கழகப் பிரதிநிதிகளின் முன்னும் நடக்கட்டும். அதன்பின் ஒரு திகதியும் தொலைபேசி அழைப்பில் மாறக்கூடாது. இரண்டு கழகங்களும் எழுத்தில் சம்மதித்து, பத்து நாள் முன்னதாக அறிவித்தால் மட்டும் மாற்றலாம்.

இனிப் புள்ளிப் பட்டியல். இதில்தான் எங்களுக்குக் கூடுதல் கவலை.

வெற்றிக்கு 3, சமநிலைக்கு 1. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. புள்ளி சமமானால் என்ன செய்வது என்பதில்தான் அடிபிடி வரும். இங்கிலாந்தில் கோல் வித்தியாசம், அதாவது அடித்த கோலிலிருந்து வாங்கிய கோலைக் கழித்த கணக்கு, பார்க்கிறார்கள். 2012இல் மன்செஸ்டர் சிட்டியும் யுனைற்றட்டும் 89 புள்ளியில் நிற்க, கோல் வித்தியாசத்தில் சிட்டிக்குக் கிண்ணம் போனது. ஸ்பெயினில் அந்த இரண்டு அணிகளும் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களை முதலில் பார்க்கிறார்கள். எங்கள் மாவட்டத்துக்கு ஸ்பெயின் வழிதான் பொருந்தும் என்பது எங்கள் உறுதியான கருத்து. எட்டு அணி லீக்கில் ஒரு அணி வராமல் விட்டால் எதிரணிக்கு 3-0 எழுதுகிறீர்கள். அதே அணியைப் போன வாரம் கஷ்டப்பட்டு 1-0 என்று வென்றவனுக்கு இரண்டு கோல் நட்டம். கடைசி நாளில் ஆர்வம் இழந்த அணிக்கு எதிராக 11 கோல் அடித்துத் தப்பும் வேலையும் கோல் வித்தியாசத்தை முதலில் வைப்பதால்தான் நடக்கிறது. முதலில் நேருக்கு நேர் ஆட்டங்களின் புள்ளி, பிறகு அந்த ஆட்டங்களின் கோல், அதன் பிறகுதான் மொத்தக் கோல் வித்தியாசம்.

எட்டாம் இடம் நேரே கீழ்ப் பிரிவுக்கு. கீழ்ப் பிரிவின் முதலிடம் நேரே மேலே. மேற்பிரிவின் ஏழாம் இடமும் கீழ்ப் பிரிவின் இரண்டாம் இடமும் பொது மைதானத்தில் ஒரு ஆட்டம், வென்றவர் மேலே. எட்டில் மூன்று அணியை ஒரேயடியாக இறக்கினால் பிரிவு வருடாவருடம் கலைந்துபோகும். ஒன்றும் இறக்காவிட்டால் ஜூலையோடு பாதி அணிகளுக்கு ஆடக் காரணம் இல்லாமல் போகும். இந்த அளவில், கடைசிச் சுற்றில் முதலிடத்துக்கு இரண்டு மூன்று அணி, ஏழாம் எட்டாம் இடத்தில் விழாமலிருக்க மூன்று நான்கு அணி என எல்லோருக்கும் ஏதோவொரு போராட்டம் மிஞ்சும்.

கடைசிச் சுற்றில் பட்டியலை மாற்றக்கூடிய ஆட்டங்கள் எல்லாம் ஒரே நாள், ஒரே நேரம். 1982 உலகக் கிண்ணத்தில் அல்ஜீரியா முதல் நாளே ஆடி முடித்துவிட்டது. மறுநாள் ஸ்பெயினின் கிகோன் நகரில் மேற்கு ஜேர்மனியும் ஒஸ்ரியாவும், ஜேர்மனி 1-0 என்று வென்றால் இரண்டுக்கும் போதும் என்று தெரிந்து பந்தை உருட்டிக்கொண்டே நேரத்தைப் போக்கின. இரண்டும் தப்ப, அல்ஜீரியா வெளியேறியது. கடைசி ஆட்டங்களை ஒரே நேரத்தில் வைக்கும் வழக்கம் அதிலிருந்துதான் வந்தது. நான்கு மைதானம் இருந்தால் எங்களாலும் முடியும்.

ஆட்டத்துக்கு வராத கழகத்துக்கு என்ன? தொடக்கத்தில் ஒவ்வொரு கழகமும் பிணைப்பணம் கட்டட்டும். முதல் தடவை வராவிட்டால் பாதி போகும், இரண்டாவது தடவை முழுவதும், மூன்றாவது தடவை லீக்கிலிருந்து நீக்கம். பாதி ஆட்டத்துக்குக் குறைவாக ஆடி விலகினால் அந்தக் கழகத்தின் முடிவுகள் எல்லாம் பட்டியலிலிருந்து எடுபட வேண்டும். பாதிக்கு மேல் ஆடியிருந்தால் மிச்சம் எல்லாம் எதிரணிகளுக்கு 3-0. 2019 ஓகஸ்டில் பரி கழகம் பணமில்லாமல் இங்கிலாந்து லீக்கிலிருந்து நீக்கப்பட்டபோது அந்தப் பிரிவு மிச்ச 23 அணியோடு தொடர்ந்தது.

பணத்தைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. கழகங்கள் ஏறுவதும் விழுவதும் பெரும்பாலும் பொருளாளரின் கொப்பியில்தான் தொடங்குகிறது. இங்கிலாந்தின் லீட்ஸ் யுனைற்றட் 2001இல் ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி ஆடியது. அடுத்த வருடமும் அந்த வருமானம் வரும் என்று நம்பிக் கடன் வாங்கியது. வரவில்லை. 2004இல் இரண்டாம் பிரிவு, 2007இல் மூன்றாம் பிரிவு. மேலே திரும்ப 2020 ஆனது. எங்கள் ஊரில் இதன் சிறிய வடிவம் எல்லோருக்கும் தெரியும். புலம்பெயர்ந்த உறவு ஒருவர் பணம் அனுப்புவார், ஒரு கிண்ணத்துக்கு வெளி மாவட்ட வீரர்கள் ஐந்து பேர் வருவார்கள், கிண்ணமும் வரும். அடுத்த வருடம் பணம் நிற்கும். அந்த ஐந்து பேருக்காக வாங்கில் உட்கார்ந்த சொந்த ஊர்ப் பெடியள் அதற்குள் விளையாட்டை விட்டிருப்பார்கள்.

14 ஆட்டத்துக்கான செலவை முதலில் எழுதுங்கள். ஏழு வெளியூர்ப் பயணத்துக்கு வான் கூலி. ஏழு சொந்த மைதான ஆட்டத்துக்கு மத்தியஸ்தர், இரண்டு துணை மத்தியஸ்தர்கள், தண்ணீர், ஐஸ், முதலுதவி, கோடு போடும் செலவு. வருடத்துக்குக் குறைந்தது ஆறு பந்து. இந்தத் தொகை முழுவதும் இரண்டு கையெழுத்துள்ள வங்கிக் கணக்கில் கிடந்த பிறகுதான் வெளி வீரர் பற்றிய பேச்சு. வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் கணக்கை வாசித்து, கழக அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுங்கள். அனுசரணைப் பணத்தை முதலிடத்துக்கு மட்டும் கொட்டாதீர்கள். இங்கிலாந்தின் முதற்பிரிவான பிரீமியர் லீக்கே தன் உள்நாட்டுத் தொலைக்காட்சி வருமானத்தில் பாதியை எல்லாக் கழகத்துக்கும் சமமாகப் பங்கிடுகிறது. இங்கும் பாதியை வான் கூலிக்கென்று சமமாகப் பிரித்துவிட்டு மிச்சத்தை இடங்களின்படி கொடுங்கள்.

பதிவு: ஒரு வீரர், ஒரு கழகம், அடையாள அட்டை இலக்கத்தோடு 25 பேர் பட்டியல், புகைப்படம் ஒட்டி. 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்குப் பிறப்புச் சான்றிதழ். ஆட்டத்துக்கு முன் எதிரணிச் செயலாளருக்குப் பட்டியலைப் பார்க்கும் உரிமை இருக்க வேண்டும். ஆட்டம் முடிந்து தோற்ற பிறகு கிளப்பும் முறைப்பாட்டை ஏற்கக்கூடாது.

மைதானம் பற்றிச் சுருக்கமாக. 100 மீற்றர் நீளம், 64 மீற்றர் அகலம் என்று வைத்தால் மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் 118 மீற்றர் 73 சென்ரிமீற்றர் வர வேண்டும். வராவிட்டால் சதுரம் கோணல், தண்டப் பகுதியும் கோணல். மொத்தம் ஏறக்குறைய 700 மீற்றர் கோடு போட வேண்டும். நீறிய சுண்ணாம்பு வேண்டாம். வியர்வையோடு பட்டால் தோலையும் கண்ணையும் எரிக்கும். தண்ணீரில் கலக்கும் வெள்ளைப் பூச்சுப் போதும். கோல் கம்பம் நிலத்தோடு கட்டப்படாமல் ஒரு பயிற்சிகூட நடக்கக்கூடாது. மணல் தரையில் அது சரிய ஒரு சிறுவன் தொங்கினாலே போதும்.

இங்கிலாந்தின் லூட்டன் ரவுண் கழகம் 2007, 2008, 2009 என மூன்று வருடம் தொடர்ந்து தரமிறங்கியது. கடைசி வருடம் 30 புள்ளி வெட்டோடு தொடங்கி லீக்கை விட்டே வெளியே போனது. ஐந்து வருடம் கழித்து 2014இல் உள்ளே வந்து, 2023இல் பிரீமியர் லீக் வரை ஏறி, மறுவருடமே இறங்கியது. திருகோணமலையில் அந்த ஊரைக் கண்ணால் காணாத பெடியள் இந்தக் கதையை வருடக் கணக்கோடு சொல்வார்கள். ஏனென்றால் ஒவ்வொரு வாரமும் ஒரு பட்டியல் வெளிவந்தது, அதில் அந்தப் பெயர் ஏறியதும் இறங்கியதும் எழுத்தில் இருக்கிறது. பக்கத்துத் தெருக் கழகம் மூன்று வருடம் முன்பு எத்தனை புள்ளி எடுத்தது என்று கேட்டால் அவர்களிடம் பதில் இருக்காது. நடு இரவு தாண்டிச் சாம்பியன்ஸ் லீக் பார்க்க விழித்திருப்பவர்கள் மாலை 4.00 மணிக்கு உங்கள் மைதானத்துக்கும் வருவார்கள். இங்கிலாந்தின் சனிக்கிழமை ஆட்டங்கள் பெரும்பாலும் எங்களுக்கு இரவு 7.30க்கோ 8.30க்கோதான் தொடங்குகின்றன.

அதனால் ஒவ்வொரு ஆட்டமும் முடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் இரண்டு செயலாளர்களும் முடிவை அனுப்புங்கள்: கோல் அடித்தவர், நிமிடம், மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை. திங்கள் காலை பட்டியல் வெளிவர வேண்டும். அதைத் தட்டச்சுச் செய்யவும், சுவர்களில் ஒட்டவும், வருடக் கடைசியில் கொப்பியாகக் கட்டி வைக்கவும் நாங்கள் ஆள் தருகிறோம். கோடு போடவும் வருவோம். அடுத்த லீக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இந்த இரண்டு பிரிவு முறையைச் சேர்க்கும்படி உங்களில் இருவராவது எழுத்தில் கேளுங்கள்.

இப்படிக்கு,
திருகோணமலை உதைபந்தாட்ட ரசிகர்கள்