அடமல்ல, அடங்காத பசி

ஆசிரியருக்கு,

பிராடர்-வில்லி நோய்க்குறி உள்ள குழந்தைகளைப் பார்த்து 'வளர்ப்பு சரியில்லை' என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 15ஆம் குரோமோசோமில் தந்தைவழி மரபணுக்கள் சில செயல்படாததால் வருவது இது. பிறந்த புதிதில் பால் உறிஞ்சக்கூடத் தெம்பு இருக்காது. சில வருடங்களில் அதே குழந்தைக்கு எவ்வளவு சாப்பிட்டாலும் வயிறு நிறைந்த உணர்வே வராது. உணவை எடுத்து ஒளித்துவைப்பதும், தோலைக் கிள்ளிப் புண்ணாக்குவதும், அன்றாட வழக்கம் சற்று மாறினாலே வெடித்து அழுவதும் நோயின் பகுதிதான். இதற்குப் பெற்றோரைக் குற்றம் சொல்வது கொடுமை.

இந்நோய்க்கு வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டிலேயே அனுமதி கிடைத்தது. உயரம் கூடும், தசை வலுப்படும், கொழுப்பு குறையும். ஆனால் பசியை அது அடக்காது. ஊசி போட ஆரம்பித்த பிறகும் உணவு அலமாரிக்குப் பூட்டு வேண்டும், சாப்பாட்டு நேரம் மாறக்கூடாது. அப்புறம், தொடங்கும் முன் தூக்கத்தில் மூச்சுத் தடை இருக்கிறதா என்ற பரிசோதனையைத் தவிர்க்கவே கூடாது. கடுமையான உடல்பருமனும் மூச்சுக்கோளாறும் இருந்த குழந்தைகள் சிலர் சிகிச்சைக் காலத்தில் இறந்திருக்கிறார்கள்.

பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள்: இக்குழந்தைகள் இருக்கும் வகுப்பில் மிட்டாயைப் பரிசாகக் கொடுக்காதீர்கள்.

– வாசகர் ஒருவர்