ஒற்றை ஃபோட்டான்: எங்கே எண்ணிய பிரகாசம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த குவாண்டம் தகவல் தொடர்பு (ஒற்றை ஒளித்துகள்களில் இரகசியத்தை அனுப்பும் முறை) பற்றிய கட்டுரையில், லேசரை மங்கலாக்கினால் ஃபோட்டான்கள், அதாவது ஒளித்துகள்கள், ஒவ்வொன்றாக வரும் என்று இருந்தது. அப்படி வராது. லேசரின் ஒவ்வொரு ஒளித் துடிப்புக்கும் சராசரி 0.1 ஃபோட்டான் என்று மங்கலாக்கினால் 100 துடிப்பில் 90 காலியாகப் போகும். மிச்சத்தில் ஏறக்குறைய 20க்கு ஒன்றில் இரண்டோ அதற்கு மேலோ இருக்கும். ஒட்டுக்கேட்பவருக்கு அந்த உபரியே போதும், எடுத்தது தெரியாது. (போலித் துடிப்புகளைக் கலந்து இதைச் சமாளிக்கிறார்கள் என்பது வேறு கதை.)

உண்மையிலேயே ஒன்றொன்றாக விடக்கூடியது, கட்டுரை போகிற போக்கில் சொன்ன டங்ஸ்டன் டைசெலினைடு என்ற குறைக்கடத்திப் படிகம். ஒற்றை அடுக்கின் தடிமன் சுமார் 0.7 நானோமீட்டர். படிகத்தை ஒட்டுநாடாவால் உரித்து, சிலிக்கோன் ரப்பர் முத்திரையில் ஏற்றி, சிலிக்கா நானோ தூண்கள்மேல் படியவைக்கிறார்கள். தூண் முனையில் படலம் இழுபட்டு ஆற்றல் இடைவெளி (எலக்ட்ரானைக் கிளர்த்தத் தேவையான ஆற்றல்) குறையும். கிளர்ந்த எலக்ட்ரானும் அது விட்டுவந்த காலியிடமும் சேர்ந்த எலக்ட்ரான்-துளை இணை அங்கே சிக்கி ஒரு ஃபோட்டானை விடும். 2017 சோதனைகளில் தூண்களின் உயரம் 60 முதல் 190 நானோமீட்டர் வரை. குட்டைத் தூணில் இழுவை போதாது. உயரமாகவும் கூராகவும் இருந்தால் படலம் கிழியும். முத்திரையை அவசரப்பட்டுத் தூக்கினால் தூண்களுக்கு நடுவே சுருக்கம் விழும். சுருக்கமும் ஒளிரும், வேண்டாத இடத்தில்.

இதெல்லாம் சுமார் 4 கெல்வின் (மைனஸ் 269 டிகிரி செல்சியஸ்) குளிரில்தான். சூடேறினால் சிக்கிய இணை தப்பிவிடும்.

"மிகப் பிரகாசமான மூலம்" என்று எழுதும்போது எங்கே எண்ணியது என்று சொல்ல வேண்டும். லென்ஸிலா, ஒளியிழைக்குள்ளா, உணரியிலா? ஒவ்வொரு கட்டத்திலும் இழப்பு உண்டு. பெரிய இழப்பு மூலத்திலேயே இருக்கிறது: கிளர்ந்த இணைகளில் பெரும்பாலானவை ஒளி விடாமலே அடங்கிவிடுகின்றன. 2018இல் அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கழகக் குழு, தங்க நானோ கனசதுரங்களுக்கும் தங்கத் தளத்துக்கும் இடையே படலத்தைச் சிக்கவைத்து, சராசரி 1 விழுக்காடாக இருந்த குவாண்டம் விளைச்சலை (கிளர்ந்த இணைகளில் ஒளி விடுபவற்றின் பங்கு) 65 விழுக்காடு வரை உயர்த்தியது. படலத்தைத் தங்கம் நேராகத் தொட்டால் ஒளி அணைந்துவிடும். அதனால் நடுவே மெல்லிய அலுமினியம் ஆக்சைடு பூச்சு.

பிரகாசம் கூடினால் மட்டும் ஆகாது. ஒளியைப் பாதிப் பாதியாகப் பிரித்து இரண்டு உணரிகளுக்கு அனுப்பி, இரண்டும் ஒரே நேரத்தில் ஒலிக்கும் விகிதத்தைப் பார்க்க வேண்டும். லேசர் ஒளிக்கு இது 1 என்று வைத்தால், கச்சிதமான ஒற்றை ஃபோட்டானுக்கு 0; 0.5க்குக் கீழ் என்பது வெறும் தேர்ச்சி மதிப்பெண். பின்னணி ஒளியைக் கணக்கில் கழித்துவிட்டுச் சொல்லும் எண்ணை நாங்கள் நம்புவதில்லை.

கடைசியாக, இந்த ஒளி ஒளியிழையில் ஊர் விட்டு ஊர் போகும் என்று கட்டுரை சொன்னதும் தவறு. இதன் அலைநீளம் 750 நானோமீட்டரை ஒட்டியது. அங்கே சாதாரண ஒளியிழையில் கிலோமீட்டருக்குச் சுமார் 3 டெசிபல் இழப்பு, அதாவது பாதி போய்விடும். 10 கிலோமீட்டரில் மிஞ்சுவது ஆயிரத்தில் ஒன்று. 1550 நானோமீட்டரில் இழப்பு கிலோமீட்டருக்கு 0.2 டெசிபல்தான். அந்த அலைநீளத்துக்கு மாலிப்டினம் டைடெல்லுரைடு படலத்தை இதே தூண் முறையில் 2021இல் எட்டியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒளியியல் ஆய்வக வாசகர்கள் இருவர்